உள்ளுக்குத்தான் இருக்கு

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதித் தமிழரிடம் எலிசா செய்த முதல் தவறு, என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "கமெரா வேலை" என்று சொன்னதுதான். அது பொய்யில்லை. அந்தத் தொழிலில் அந்தப் பெட்டிக்குக் கமெரா என்றுதான் பெயர். ஆனால் எங்கள் சனத்துக்குக் கமெரா என்றால் ஒரு கமெராதான் தெரியும். கத்தோலிக்கக் கோயிலில் அடுத்த பூசை முடிந்து வெளியே வரும்போதே ஒரு அம்மா அவளுடைய கையைப் பிடித்து மறித்துவிட்டார்.

"பிள்ளை, எங்கட மூத்தவளுக்கு முதல் நன்மை வருது. நீர் வந்து படம் எடுப்பீரோ? தெரிஞ்ச ஆக்கள் எண்டு கொஞ்சம் பாத்துச் செய்யும்."

"அன்ரி, என்ரை கமெராவுக்கு முன்னால ஆக்கள் நிக்கக்கூடாது."

அந்த அம்மா அதை மண்டைக்கனம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை அவர் எலிசாவோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.

எலிசாவின் கமெரா படம் பிடிப்பது இரும்பை. பெரிய குழாய்களையும் கொதிகலன்களையும் வெல்டிங் செய்த இடத்தில் உள்ளே வெடிப்பு இருக்கிறதா, பொத்தல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயத்தைவிடக் கனமான உலோகத்தால் செய்த அந்தப் பெட்டிக்குள் கதிர்வீசும் ஒரு சின்னத் துண்டு பூட்டிக் கிடக்கும். அதற்கு சோர்ஸ் என்று பெயர். தூரத்தில் நின்று கைபிடியைச் சுற்றினால் அது கம்பியின் நுனியில் வெளியே போய் வெல்டிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். மறுபக்கத்தில் ஒட்டிய பிலிமில் இரும்பின் உள்வயிறு படமாக விழும். பிறகு திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் எடுக்க வேண்டும். வெளியே நிற்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, மணக்காது. பாம்பு என்றாலாவது சீறும்.

அதனால்தான் அந்தத் தொழிலுக்கு மூன்று கட்டளை. கிட்ட நிற்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஒரு மறைப்பு வை. எலிசா இவற்றைத் தமிழில் எழுதிக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டிப் பாடமாக்கினாள். இதோடு இன்னொன்றும் உண்டு. சோர்ஸ் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று யார் சத்தியம் பண்ணினாலும், கையில் கதிரளக்கும் மீற்றரைப் பிடித்து அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் கிட்டப் போக வேண்டும். மனிதரை நம்பு, முள்ளைப் பார்.

அவளுக்கு வேலை பழக்கியவர் பேரின்பநாதன். மட்டக்களப்புக்காரர், லைசன்ஸ் எடுத்த ஒப்பரேற்றர். பிறகு என்பதற்கு அவருடைய ஊர்ச்சொல்லான "மறுகா"வை வசனத்துக்கு ஒன்று போடாமல் அவருக்குக் கதை நகராது. மன்னார்க்காரியான எலிசா அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். அவரும் சிரித்துவிட்டு, "மறுகா என்ன?" என்பார். வைகாசியில் அவளுக்கு லைசன்ஸ் சோதனை. அவளைவிட அவர்தான் அதற்குப் பதறிக்கொண்டிருந்தார்.

கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி பற்றிக், தளத்தில் இரண்டே இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் என்று சட்டம் போட்டிருந்தான். சோர்ஸ் வெளியே போனால் "சொர்த்தி". பெட்டிக்குள் வந்து பூட்டு விழுந்தால் "பாரே". முதல் நாளே பேரின்பநாதனுக்கு இது சிரிப்பாகிவிட்டது.

"பாரே எண்டா நம்மட ஆக்கள் எட்டிப் பாக்கப் போயிருவாங்க தங்கச்சி."

பற்றிக் பக்கத்தில் நிற்கும்போது "சொர்த்தி, பாரே" என்றார்கள். அவன் இல்லாதபோது தமிழ் தானாக வந்தது. வெளியே போனால் "வெளியில", பெட்டிக்குள் வந்தால் "உள்ளுக்கு". சுகமான சொற்கள். மாதக் கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை. பிழை வராத பழக்கத்தைத்தான் மனிதர் கேள்வி கேட்பதில்லை.

இதற்கிடையில் எலிசாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது.

அது மூன்றாவது. முதலாவது தங்கியபோது அவள் சந்தோசம் தாங்காமல் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அது நிற்கவில்லை. பிறகு சனம் சூப்போடும் நேர்த்திக்கடன் ஆலோசனையோடும் வந்தது. அன்பாகத்தான் வந்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் போகும்போது ஒவ்வொருவரும் "இனிமேலாவது மூண்டு மாசம் கழியமுதல் வாய் திறக்காதையும், கண்ணூறு பொல்லாதது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அதைக் கேட்டாள். இரண்டாவதைக் கணவன் வின்சன்டைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. போன கார்த்திகையில் அதுவும் போனது. வின்சன்ட் வெதுப்பகத்தில் வேலையில் நின்றான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் தனியே வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் வேலைக்குப் போய், ஈயத் தகடு தூக்கினாள். துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவதை வின்சன்ட் வாய் தவறித் தாயிடம் உளறிவிட்டான். ஊரில் பேசாலையிலிருந்த மாமி மாக்கிரட், அவர்கள் போன் எடுத்த கோலிங் காட்டில் மிச்சமிருந்த நிமிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "மூண்டு மாசம் கழியட்டும் பிள்ளை. காத்துக்கும் சொல்லாதை."

ஆனால் அவளுடைய தொழிலில் சட்டம் நேர்மாறு. கதிர்வீச்சு வேலை செய்யும் பெண், தான் பிள்ளைத்தாச்சி என்று அறிந்தவுடன் கொம்பனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அவளைக் கமெராவிலிருந்து எடுத்து வேறு வேலையில் விடுவார்கள். பயிற்சிச் சோதனையில் இதே கேள்வி வந்து எலிசா சரியாக எழுதியிருந்தாள். எழுதத் தெரிந்தவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவளைக் கோபிக்க எனக்கு மனம் வராது. இரண்டு முறை சூடு கண்டவள். இன்னும் கொஞ்ச நாள்தானே, கொஞ்சம் கூடத் தூரத்தில் நிற்போம் என்று நினைத்தாள். மாமி சொன்னதும் மறைப்பு, பயிற்சியில் வாத்தியார் சொன்னதும் மறைப்பு. இரண்டும் வேறு வேறு மறைப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பக்கத்து லஷீனில் ஒரு பட்டறையில் வேலை இருந்தது. தொழிலாளர் இல்லாத நாளில்தான் இந்த வேலை செய்யலாம். அன்று படம் எடுக்க வேண்டியது ஆள் குனிந்து போகக்கூடிய பெரிய குழாய். வழக்கமாக சோர்ஸ் குழாய்க்கு வெளியே நிற்கும். அன்று முதல்முறையாக அதைக் குழாயின் நடுவுக்குள் அனுப்பி, வெளியே சுற்றிவர பிலிமை ஒட்டி எடுத்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். அந்த விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அணைக்க வேண்டும். காலையிலிருந்து அது அணையாமல் சுழன்றுகொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு எலிசாவுக்கு வயிற்றைப் பிரட்டியது. "அண்ணை, பாத்ரூமுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறையின் மறுபக்கம் ஓடினாள். குனிந்து எடுத்த சத்தி ஜக்கெற்றில் பட்டுவிட்டது. கழற்றிக் கழுவி, காய்வதற்குக் கதவுக் கொழுக்கியில் மாட்டினாள். கதிர்வீச்சை அளக்கும் பாட்ஜும், கதிர் பட்டால் கத்தும் அலாரமும் அந்த ஜக்கெற்றில்தான் குத்தியிருந்தன. தலை சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு அது நினைவில் வரவில்லை. பிலிம் மேசை பாத்ரூம் பக்கத்தில்தான் இருந்தது. அடுத்த படத்துக்கான பிலிம்களை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாக்கி டோக்கியில் கேட்டாள்.

"அண்ணை, உள்ளுக்கோ?"

கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் கைபிடியோடு நின்ற பேரின்பநாதன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் இன்னும் முடியவில்லை. சோர்ஸ் குழாய்க்குள் நின்றது. அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்.

"ஓம் தங்கச்சி. உள்ளுக்குத்தான் இருக்கு."

எலிசா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

மீற்றர் பேரின்பநாதனிடம் இருந்தது. அதை வாங்காமல் கிட்டப் போகக்கூடாது என்பது அவளுக்குப் பெயரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கேட்டாள், அவர் சொன்னார், அவள் நடந்தாள். பாரம் தூக்கும் போர்க்லிப்ற் ஓடுவதற்கு நிலத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பூட்ஸ் சத்தம் கேட்டுப் பேரின்பநாதன் சுவர் ஓரத்தால் எட்டிப் பார்த்தார்.

"எலிசா, திரும்பு. குழாய்க்குள்ள நிக்கி. ஓடு."

அவர் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அவள் நின்று யோசிக்காமல் ஓடினாள். ஒரு பிலிம் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கைபிடியை வெறிபிடித்தவர்போலச் சுற்றி சோர்ஸைப் பெட்டிக்குள் இழுத்துப் பூட்டினார். மீற்றரைப் பிடித்துக்கொண்டு போய் முள் விழுந்துவிட்டது என்று பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"பாட்ஜ் எங்க?"

"ஜக்கெற்றில. பாத்ரூமில."

அவர் கவிழ்ந்து கிடந்த ஒரு தகர வாளியில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, ஒரு கொஞ்ச நேரம்தான். பெரிசா ஒண்டும் வந்திராது. பாட்ஜும் மேல இல்ல. வெளிய சொன்னா என்ட லைசன்ஸும் போகும், உங்கட சோதினையும் போகும். மறுகா நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் கெட்ட மனிதரில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகளும், ஊரில் கலியாணத்துக்கு நிற்கும் தங்கையும் உள்ள மனிதர். பயந்த மனிதர் முதலில் கதவைத்தான் சாத்துவார். எலிசாவுக்கும் ஒரு கணம் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் ஒளியத் தோன்றியது. இரண்டு பேர் வாயை மூடினால் இன்று நடந்தது நடக்காததாகிவிடும். ஆனால் பாட்ஜ் பாத்ரூமில் தொங்கிக்கொண்டிருக்க, தனக்குள் எவ்வளவு போனது என்று அவளுக்கு யார் சொல்வது? அதைக் கணக்கிட பற்றிக் ஒருவனால்தான் முடியும்.

"எனக்கு எவ்வளவு பட்டது எண்டு தெரியவேணும் அண்ணை."

"என்னத்துக்குத் தங்கச்சி? பட்டாலும் ஆளுக்கு ஒண்டும் செய்யாது."

"எனக்கு வயித்தில பிள்ளை."

சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. அவர் எழும்பிப் போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"எத்தின மாசம்?"

"ரெண்டு முடியுது."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"வின்சன்டுக்கும் மாமிக்கும். இப்ப உங்களுக்கு."

அவர் காற்சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். முதல்முறை பிழையான நம்பருக்குப் போனது. பற்றிக் எடுத்ததும் தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் முதல் வசனமாக "பிழை என்னுடையது" என்றார். எலிசா "இல்லை அண்ணை, என்னிலயும் பிழை" என்றாள். அவர் கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, வயிற்றில் பிள்ளை இருப்பதையும் சொன்னார்.

பற்றிக் இல்-பிசாரிலுள்ள தன் வீட்டிலிருந்து, தோட்டத்தில் நின்ற சேற்றுச் சப்பாத்தோடு வந்து சேர்ந்தான். அவன் கத்துவான் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. கமெரா பூட்டியிருக்கிறதா என்று தானே மீற்றரால் பார்த்துவிட்டு, நடந்த மாதிரி நடந்து காட்டச் சொன்னான். எலிசா கயிறு வரைக்கும் போனாள். அதற்கு அப்பால் கால் வரவில்லை. பேரின்பநாதன் மீற்றரைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனார். "கமெராவுக்குள்ள பூட்டிக் கிடக்கு தங்கச்சி. முள்ளைப் பாத்துக்கொண்டே வாங்க" என்று ஒவ்வொரு அடியிலும் சொன்னார். அவள் அவர் முதுகையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

விழுந்த பிலிம் அங்கேயே கிடந்ததால் எந்த இடம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பற்றிக் அங்கிருந்து குழாய் வரை அளந்தான். நடையை நேரம் பிடித்தான். கணக்குப் போட்டான். பிறகு அந்தப் பிலிமை எடுத்துக்கொண்டு வாகனத்தில் இருந்த இருட்டறைக்குள் போனான். கதிர் பட்ட நேரமெல்லாம் எலிசா அதை வயிற்றோடுதான் அணைத்து வைத்திருந்தாள். அவளுக்குப் பட்டது அதற்கும் பட்டிருக்கும். அதிகம் பட்டிருந்தால் அது கறுத்துப் போயிருக்கும்.

எலிசா வாசலில் நின்று மடு மாதாவை மன்றாடினாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படம் விழக்கூடாது என்று மன்றாடினாள்.

அவன் இரண்டு பிலிமோடு வெளியே வந்தான். ஒன்று அவள் கையில் இருந்தது, மற்றது பெட்டியிலேயே இருந்த புதிய பிலிம். இரண்டையும் வெளிச்சப் பலகையில் பக்கம் பக்கமாக வைத்தான். இரண்டும் வெளிறிக் கிடந்தன. எது எது என்று எலிசாவுக்குத் தெரியவில்லை. பேரின்பநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

கணக்கும் அதையேதான் சொல்கிறது என்றான் பற்றிக். சும்மா வீட்டில் இருந்தாலே பத்து மாதத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு பிள்ளைக்குப் படுவதைவிட இது குறைவு. வயிற்றுப் பிள்ளைக்குச் சட்டம் விட்ட எல்லைக்குக் கிட்டவும் இல்லை. டொக்டரிடமும் காட்டுவோம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பிள்ளை தங்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. தங்காவிட்டால் அதற்கு இன்றைய பொழுது காரணமில்லை என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன் என்றான். அந்தப் பேச்சில் பூச்சு எதுவும் இல்லாததால்தான் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

பிறகு, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டான். எலிசா மறைக்காமல் சொன்னாள். தங்களுக்குள் மூன்று மாதம் கழியுமுன் சொல்லும் வழக்கமில்லை என்பதையும் சொன்னாள். பற்றிக் தலையாட்டினான். எங்கள் பெண்களும் சொல்லமாட்டார்கள் என்றான். "ஊருக்குச் சொல்லவேண்டாம். எனக்குச் சொல். நான் ஊரில்லை."

அடுத்த நாளே அவளைக் கமெராவிலிருந்து எடுத்து, எடுத்த படங்களைப் பார்க்கும் அறையில் இருத்தினார்கள். சோதனை பிள்ளை பிறந்த பிறகு என்று தள்ளிப் போனது. பேரின்பநாதனின் லைசன்ஸ் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். எலிசாவுக்கு அவரைப் பார்க்க முகமில்லை. ஒரு நாள் அவரே அவளுடைய மேசைக்கு வந்து, மனைவி கொடுத்துவிட்ட பிட்டையும் மீன் குழம்பையும் வைத்தார்.

"என்னால உங்களுக்கு இப்பிடி வந்திட்டுது அண்ணை."

"நான் அண்டைக்கு உங்கள மறைக்கச் சொன்ன ஆள், தங்கச்சி. நீங்க கேட்டிருந்தா, மறுகா நான் எப்பிடி நித்திரை கொள்ளுற? பேசாமச் சாப்பிடுங்க."

சனிக்கிழமை வின்சன்ட் தாய்க்குப் போன் எடுத்தான். அவன் எதையும் மறைத்துப் பழகாதவன். எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு ரிசீவரை எலிசாவிடம் நீட்டினான். காதில் வைத்ததுமே மாமியின் குரல் சுட்டது.

"உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஆருக்கெல்லாம் சொன்னனீ?"

"அண்ணைக்குச் சொன்னன். அதிகாரிக்குச் சொன்னன். டொக்டருக்குச் சொன்னன் மாமி."

"மூண்டு மாசம் உன்ரை வாய்க்குப் பொறுக்கேலாமல் போச்சோ? முதல் பிள்ளை என்னெண்டு போனது எண்டு மறந்து போனியோ? இதுக்கும் ஏதும் வந்தால் ஆர் பிள்ளை பதில் சொல்லுறது?"

எலிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வின்சன்ட் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் சொன்னாள்.

"மாமி, இடையில ஒண்டு தங்கினது. அதை நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உங்களுக்கும் சொல்லேல்ல. அதுவும் போனதுதான்."

கோலிங் காட் முடிந்துவிட்டதோ என்று எலிசா நினைத்தாள்.

"எப்ப?" என்றார் மாமி. குரல் இறங்கியிருந்தது.

"போன கார்த்திகை."

"பக்கத்தில ஆர் இருந்தது?"

"ஒருத்தருமில்லை மாமி. பஸ்ஸில வந்தனான். அடுத்த நாள் வேலைக்குப் போனனான்."

மாமி அழுவது அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. எலிசாவும் அழுதாள். அந்தப் பிள்ளைக்காக அவளோடு சேர்ந்து இன்னொரு பெண் அழுவது அதுதான் முதல்முறை. கொஞ்சம் பொறுத்து மாமி மூக்கைச் சீறிக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு உங்களுக்குப் பூசை இருக்கெல்லே?"

"ஓம் மாமி."

"பூசை முடிய எல்லாருக்கும் சொல்லு பிள்ளை. ஒருத்தரையும் விடாமல் சொல்லு."